‘ஒரு மணி நேர உற்சாகம்’ மட்டும்தானா உடற்பயிற்சி?

உடற்பயிற்சி மனத்துக்குத் தருவதெல்லாம் வியர்வை காயும்வரை நிற்கும் உற்சாகம்தான் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. எண்டார்ஃபின் சுரக்கிறது, மனம் லேசாகிறது, சிறிது நேரத்தில் பழைய கவலை திரும்பிவிடுகிறது. துன்பத்தைத் தாங்கும் திடமோ பிறவியிலும் வளர்ப்பிலும் வருவது என்பது இக்கருத்தின் சாரம்.

எண்டார்ஃபின் வாதமே ஆட்டம் கண்டுவிட்டது. ரத்தத்தில் கலக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தைக் கொடுத்து ஓடவைத்தபோதும் ஓட்டக்காரர்களின் பரவசம் குறையவில்லை என்று 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உடலே தயாரிக்கும் எண்டோகன்னாபினாய்டுகள்மேல்தான் இப்போது ஆய்வாளர்களின் சந்தேகம். காரணம் எதுவானாலும் அந்தப் பரவசம் நிலைக்காது என்பது உண்மையே. அதையே முழுப் பலனாகக் கணக்கிடுவதுதான் பிழை.

நிலைக்கும் பலன் வேறொரு வழியில் வருகிறது. ஓடும்போது இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, அட்ரினலினும் கார்டிசாலும் ஏறுகின்றன. அச்சம் வரும்போதும் உடலில் நடப்பது ஏறக்குறைய இதுவே. ஓட்டம் நின்றதும் எல்லாம் இறங்குகின்றன. வாரந்தோறும் ஏறி இறங்கிப் பழகிய உடல், வேறு நெருக்கடிகளிலும் அளவோடு ஏறி விரைவில் இறங்கக் கற்றுக்கொள்கிறதா? இதைச் சோதிக்க, ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் உருவான முறை ஒன்று பயன்படுகிறது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் ஒருவர் 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து 13 13-ஆகக் கழித்து உரக்கச் சொல்ல வேண்டும். தவறினால் மறுபடி 1022. பெரும்பாலோருக்குக் கை வியர்த்துவிடும். 12 வாரம் உடற்பயிற்சி செய்த ஆண்களிடம் இத்தகைய சோதனையின்போது கார்டிசால் ஏற்றமும் இதயத் துடிப்பின் ஏற்றமும் முன்பைவிடக் குறைந்தன. உடலைத் தளர்த்தும் பயிற்சி பெற்றவர்களிடம் கார்டிசால் ஏற்றம் மட்டுமே குறைந்தது. மேடையில் நிற்பவருக்கு ஓட்டப் பயிற்சி கைகொடுக்கிறது என்றால் அதை ஒரு மணி நேர உற்சாகம் என்று தள்ள முடியாது.

மனம் நன்றாக இருப்பவர்கள்தான் பயிற்சிக்கே போகிறார்கள் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. மனச்சோர்வு எழுந்து நடக்கும் தெம்பையே பறித்துவிடும் என்பதால் அதில் பாதி நியாயமும் உண்டு. நோர்வேயின் ஹன்ட் ஆய்வு இதற்காகவே, தொடக்கத்தில் மனநல அறிகுறி இல்லாத 33,908 பேரை எடுத்துக்கொண்டு 11 ஆண்டுகள் தொடர்ந்தது. பயிற்சியே செய்யாதவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பதற்ற நோயில் இந்தத் தொடர்பு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உடம்பை வருத்தினால்தான் மனம் உரம் பெறும் என்ற நம்பிக்கைக்கும் இதே ஆய்வு இடம் தரவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரமே பலனின் பெரும்பகுதியைத் தந்தது; பயிற்சி கடுமையா மிதமா என்பது பொருட்டாகவில்லை. ஓய்வின்றி அளவு மீறிப் பயிற்சி செய்யும் வீரர்களுக்கு எரிச்சலும் சோர்வும் தூக்கக் குறைவும் வருவது விளையாட்டு மருத்துவம் நன்கறிந்தது. பள்ளிகளில் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் வழக்கம் திடத்தை வளர்ப்பதில்லை; ஓட்டத்தையே வெறுக்க வைக்கிறது.

நோயுற்றவர்களுக்குப் பயிற்சி உதவாது என்பதற்கு பிரிட்டனில் 2012-இல் வெளியான ட்ரெட் ஆய்வைக் காட்டுவார்கள். மனச்சோர்வுள்ள 361 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, உடலுழைப்பைக் கூட்டும்படி ஆலோசனையும் ஊக்கமும் தரப்பட்டன. அவர்கள் கூடுதலாக உழைத்ததாகச் சொன்னார்கள். நோய் கூடுதலாகக் குறையவில்லை. ஆனால் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 156 பேரை வைத்து நடந்து 1999-இல் வெளியான ஆய்வில் பயிற்சி மேற்பார்வையில், குழுவாக, வாரம் 3 முறை, 16 வாரம் நடந்தது. யாருக்குப் பயிற்சி, யாருக்கு மாத்திரை, யாருக்கு இரண்டும் என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. முடிவில் செர்ட்ராலின் மாத்திரைக்குப் பயிற்சி ஏறக்குறைய ஈடாக நின்றது. ஆகவே ட்ரெட் காட்டுவது வெறும் அறிவுரையின் எல்லையைத்தான். மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்துவதற்கு டியூக் முடிவும் அனுமதி தரவில்லை.