கேலியால் எடை குறையாது

“பசியாறிட்டீங்களா?” கெமாஸ் வட்டாரத் தோட்டப்புறங்களில் வீட்டுக்கு வருபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. உணவிட்டு அன்பு காட்டுவது நம் பண்பாடு. ஆனால், பிள்ளையின் தட்டில் இரண்டாம் முறையும் சோற்றைப் பரிமாறிவிட்டு, “என்ன இப்படிக் குண்டாயிட்டே?” என்று பலர் முன்னிலையில் சிரிப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதை விளையாட்டாக எண்ணுவது தவறு என்பதே என் கருத்து.

உடற்பருமன் கவலைக்குரியது என்பதில் ஐயமில்லை. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். இந்தியர்களிடையே இது 63.9 விழுக்காடு. இதற்குப் பெருந்தீனி மட்டும் காரணமில்லை. பால்மரம் சீவியவர்கள் விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து, வாளி சுமந்தார்கள். அந்த உழைப்புக்கு நிறையச் சோறும் கெட்டிப்பால் கலந்த தேநீரும் தேவைப்பட்டன. இன்று பலருக்கு வேலை மாறிவிட்டது. உணவுப் பழக்கம் மாறவில்லை.

“கேலி செய்தால்தான் ரோஷம் வந்து இளைப்பார்கள்” என்று சிலர் வாதிடுவர். உளவியல் ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1998இல் தொடங்கி 4,700க்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்தனர். அவர்களில் பலரைப் பின்னரும் தொடர்ந்து கவனித்தனர். எடைக்காகக் குடும்பத்தாராலோ நண்பர்களாலோ கேலி செய்யப்பட்ட பெண்களிடம், 15 ஆண்டுகளுக்குப் பிறகும் உடற்பருமனும் கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கமும் அதிகமாகக் காணப்பட்டன.

இது எதனால்? அவமானம் அடைந்த பிள்ளை பசியாறாமல் பள்ளிக்குச் செல்கிறது. மதிய உணவையும் தவிர்க்கிறது. மாலையில் பசி தாங்காமல் யாருக்கும் தெரியாமல் அளவின்றி உண்கிறது. பின்பு குற்ற உணர்வால் மறுநாளும் பட்டினி கிடக்கிறது. இதை மனவுறுதியின்மை என்று பழிக்கக்கூடாது. அதே பல்கலைக்கழகத்தில் 1944இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில், உடல்நலமிக்க 36 ஆண்கள் ஆறு மாதங்கள் அரை வயிற்று உணவுடன் வாழ்ந்தனர். உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. சிலர் சமையல் நூல்களைக்கூட விரும்பிப் படித்தனர். ஆய்வு முடிந்த பிறகும் சிலரால் அளவோடு உண்ண இயலவில்லை. பெரியவர்களையே பட்டினி இவ்வாறு ஆட்டிப்படைத்தது என்றால், வளரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

எனவே, மாற்றம் நம் வீட்டிலும் பள்ளியிலும் தொடங்க வேண்டும். பள்ளிகளில் நடைபெறும் ‘செகாக்’ உடற்றகுதிச் சோதனையில் மாணவர்களின் எடையும் அளக்கப்படுகிறது. அந்த எண்ணைப் பிறர் காதில் விழும்படி வாசிக்காமல், உரியவரிடம் மட்டும் தெரிவிக்கலாம். வீட்டில் இனிப்புப் பானத்துக்குப் பதிலாக நீர் வைக்கலாம். “போதும்” என்று கூறும் பிள்ளையை மேலும் உண்ணும்படி வற்புறுத்தாமல் இருக்கலாம். மாலையில் தோட்டத் திடலில் பருமனானவர், மெலிந்தவர் என்ற வேறுபாடின்றி அனைவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

நண்பர் ஒருவர் அடிக்கடி உணவைத் தவிர்த்தாலோ, ஒளித்து வைத்து உண்டாலோ, உண்டபின் வேண்டுமென்றே வாந்தி எடுத்தாலோ, அது உணவுக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். ஒல்லியானவர்களுக்கும் இது வரும். அவரைப் பள்ளி ஆலோசகரிடமோ அரசாங்க மருந்தகத்திற்கோ அழைத்துச் செல்வதே நட்புக்கு அழகு.

முன்பு உண்டது செரித்த பின், அளவறிந்து உண்ண வேண்டும் என்று ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்துகிறார். அந்த அளவை உண்பவரின் பசிதான் சொல்ல வேண்டும். கேலிக்கு அஞ்சி உண்ணும் பிள்ளையால் தன் பசியின் அளவை அறிய முடியாது. ஆகவே, பிள்ளைகள் அச்சமின்றி அமர்ந்து உண்ணும் சூழலை முதலில் உருவாக்குவோம்.