சாமியா? ஆசாமியா?

நள்ளிரவு. ஊர் எல்லையில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது. விடிந்து பார்த்தால் ஒருவன் பிணமாகக் கிடக்கிறான்!

"கருப்பசாமி தண்டித்துவிட்டார்" என்கிறது ஊர். கொன்றது சாமியா, ஆசாமியா?

இப்படிப்பட்ட கதை என்றால் தமிழர்களுக்குக் கொள்ளை ஆசை. துப்பறியும் கதையும் பேய்க் கதையும் கலந்தது அல்லவா?

இந்த வகையில் பெயர் பெற்றவர் மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன். 2024-ல் அவர் காலமானார். அவருடைய "விட்டு விடு கருப்பா" நாவல், 1997-ல் "விடாது கருப்பு" என்ற பெயரில் சன் டி.வி.யில் தொடராக வந்தது. நாகா டைரக்ட் செய்தார். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள். பயந்தார்கள். ஆனாலும் விடாமல் பார்த்தார்கள்!

"இந்தக் கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கின்றன" என்று சிலர் குறை கூறுகிறார்கள். பயத்தோடு நின்றுவிடும் கதைக்கு அது பொருந்தும். நல்ல கதை அங்கே நிற்பது இல்லை.

இங்கிலாந்தில் கானன் டாயில் எழுதிய நாவல் ஒன்று 1902-ல் புத்தகமாக வந்தது. பாஸ்கர்வில் குடும்பத்தை ஒரு பேய் நாய் துரத்துகிறது. அதன் வாயில் நெருப்பு! துப்பறியும் நிபுணர் ஹோம்ஸ் ஆராய்கிறார். அது நிஜ நாய். வாயில் பூசியது பாஸ்பரஸ். ஏவியவன், சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினன்!

சுஜாதாவின் "கொலையுதிர் காலம்" நாவலிலும் ஓர் ஆவி வருகிறது. வசந்த் மிரள்கிறான். வக்கீல் கணேஷோ, ஒளியால் உருவம் காட்டும் விஞ்ஞானத்தைத் தேடிப் போகிறான்.

"விடாது கருப்பு" கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே தண்டனை கொடுத்த கை, மனம் நொந்த ஒரு மனிதனின் கை. ஓர் உடலில் இரண்டு மனம் என்ற நோய் அது. அதற்கு வேண்டியது வேப்பிலை அல்ல, வைத்தியம்!

இது கதைக்கு மட்டும் உள்ள பாடமா? இல்லை.

திருப்பூர் மாவட்டம் கணியூர் பக்கம் வயலும் உண்டு, தென்னந்தோப்பும் உண்டு. பஞ்சாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே ஒரு பெண் இரவு ஷிப்டு முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முதல் பேச்சு இல்லை. சாப்பாடு இல்லை. தனியே அழுகிறாள்.

"காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்பார்கள். மந்திரவாதி வருவான். கோழி போகும், பணம் போகும். நோய் மட்டும் போகாது!

வழியில் அவளை யாராவது மிரட்டினார்களா? வேலை செய்யும் இடத்தில் தொல்லையா? தூக்கம் இல்லையா? இதைக் கேட்பவர்தான் உண்மையான துப்பறியும் நிபுணர். அவளை டாக்டரிடம் அழைத்துப் போகிறவர்தான் உண்மையான உறவினர். பேயின் மேல் பழியைப் போட்டால், குற்றம் செய்தவன் தப்பிவிடுவான்.

சாமியைக் கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாமியின் பெயரால் ஆசாமி ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

மர்ம நாவல் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பயம் முதல் பக்கத்தில் இருக்கும். விடை கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்!