சொன்னது 25 ரூபாய், கொடுத்தது 1 ரூபாய் 20 பைசா: உள்ளூர் நிவாரணக் குழுக்களுக்கு நிதி ஏன் போய்ச் சேருவதில்லை?

2023 ஏப்ரல் 15. சூடான் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். எனும் துணை ராணுவப் படைக்கும் இடையே சண்டை வெடித்தது. சில நாட்களிலேயே வெளிநாட்டுத் தூதரகங்கள் காலியாகின. சர்வதேச உதவி அமைப்புகளின் ஊழியர்கள் பலரும் நகரத்தைவிட்டு வெளியேறினார்கள். அங்கேயே நின்றவர்கள், அந்தந்தத் தெருவில் வாழ்ந்த இளைஞர்கள்தான்.

அவர்கள் உருவாக்கிய குழுக்களின் பெயர் ‘அவசர உதவி அறைகள்’. காயம்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, தண்ணீர் கிடைக்க வழி செய்வது, பெரிய அண்டாவில் பருப்பு சமைத்து தெருவுக்கே பரிமாறுவது என எல்லாமே இவர்கள் வேலை. ஒமர் அல்-பஷீர் ஆட்சிக்கு எதிராக 2018-19இல் போராடிய தெருமுனைக் குழுக்களில் இருந்தவர்கள் பலர் இதில் இருக்கிறார்கள். 1.2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டுத் துரத்திய போர் இது. பல பகுதிகளில் இந்தக் குழுக்களைத் தவிர வேறு உதவியே கிடையாது. ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் 2025இல் இவர்களுக்குக் கிடைத்தது.

விருது சரி, பணம் கிடைச்சதா? இங்கேதான் சிக்கல். உலகம் முழுக்க நிவாரண நிதியில் பல ஆண்டுகளாகப் பேசப்படும், ஆனால் தீராத பிரச்சினை இது.

25 ரூபாய் வாக்குறுதி என்ன?

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் உலக மனிதநேய உச்சி மாநாடு நடந்தது. நிதி கொடுக்கும் நாடுகளும், ஐ.நா. அமைப்புகளும், பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ‘கிராண்ட் பார்கெய்ன்’ என்ற ஒப்பந்தத்தை அறிவித்தன. அதன் முக்கிய வாக்குறுதி: 2020க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதம், முடிந்தவரை நேரடியாக, பாதிக்கப்பட்ட நாட்டின் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போகும்.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது? மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு வந்த ஐ.நா. உயர்நிலைக் குழு அறிக்கை, உள்ளூர் மற்றும் தேசியத் தொண்டு அமைப்புகளுக்கு நேரடியாகப் போனது வெறும் 0.2 சதவீதம் என்றது. அதாவது 100 ரூபாயில் 20 பைசா.

2020 வந்தது, போனது. இலக்கு எட்டப்படவில்லை. ‘டெவலப்மெண்ட் இனிஷியேட்டிவ்ஸ்’ ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 2022இல்கூட நேரடியாகப் போனது 1.2 சதவீதம்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். இடையில் ஒரே ஒரு அமைப்பு இருந்து கைமாற்றும் தொகையையும் 25இல் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு கைமாற்றினோம் என்ற விவரத்தைப் பல அமைப்புகள் முழுசாக வெளியிடுவதில்லை. அதனால் அந்தக் கணக்கைச் சரியாகப் போடவே முடியவில்லை.

பணம் எங்கே சிக்குது?

முதல் தடை, சட்டம். உதாரணமாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு நிவாரண விதிமுறைப்படி, அதன் நிதியை நேரடியாகப் பெறும் தொண்டு நிறுவனம் ஏதாவது ஓர் உறுப்பு நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும். சூடானிலோ வங்கதேசத்திலோ பதிவான அமைப்பு எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும், ஐரோப்பிய அல்லது சர்வதேச அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் அந்தப் பணம் வரும்.

இரண்டாவது, பேப்பர் வேலை. பல ஆண்டு ஆடிட் அறிக்கை, கொள்முதல் கொள்கை, ஆங்கிலத்தில் நீண்ட விண்ணப்பம் என நிபந்தனைகள் அடுக்கப்படும். ஒரே உள்ளூர் அமைப்பை ஐந்து நிறுவனங்கள் தனித்தனியாகச் சரிபார்த்து, ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்பதும் சகஜம். சூடான் குழுக்கள் பலவும் பதிவு செய்யப்பட்ட என்ஜிஓக்களே கிடையாது. போர் நடக்கும் தெருவில் பதிவு அலுவலகத்துக்கு எங்கே போவது?

மூன்றாவது, நிர்வாகச் செலவு. சர்வதேச அமைப்புகளுக்குத் திட்டத் தொகையோடு 7 சதவீதம் வரை நிர்வாகச் செலவுக்குத் தருவது பரவலான வழக்கம். அந்த அமைப்பு உள்ளூர் கூட்டாளிக்கு வேலையைக் கைமாற்றும்போது, இந்தப் பங்கு பெரும்பாலும் கூடப் போவதில்லை. விளைவு, அரிசி மூட்டைக்குக் காசு இருக்கும். அதைக் கணக்கெழுதும் அக்கவுண்டன்ட் சம்பளத்துக்கு இருக்காது. அடுத்த வருடம் ‘உங்களிடம் கணக்கு நிர்வாகம் சரியில்லை’ என்று அதே அமைப்பு நிராகரிக்கப்படும்.

நேரடியாகக் கொடுத்தால் கணக்கு வருமா?

இந்தக் கேள்வி நியாயமானதுதான். நிதி கொடுக்கும் அரசுகளுக்குத் தங்கள் நாட்டு வரி செலுத்துவோரிடம் பொறுப்பு இருக்கிறது. ஆயுதக் குழுக்கள் நடமாடும் இடத்தில் பணம் தவறான கைக்குப் போனால் தடைச் சட்டங்கள் பாயும். 500 சிறு குழுக்களுக்குத் தனித்தனியாக நிதி கொடுத்துக் கண்காணிக்க ஆள் பலமும் அவர்களிடம் இல்லை. அதனால் ஒரு பெரிய ஐ.நா. அமைப்புக்கு ஒரே காசோலையாகக் கொடுத்துவிடுவது அவர்களுக்குச் சுலபம்.

ஆனால் ரிஸ்க் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. பேப்பரில் உள்ள ரிஸ்க்கை மேலே இருப்பவர் சமாளிக்கிறார். சோதனைச் சாவடியைத் தாண்டி மூட்டையைக் கொண்டுபோகும் ரிஸ்க் கீழே இருப்பவருக்கு. சூடானில் தன்னார்வலர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், பிடித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

செலவுக் கணக்கும் உள்ளூர் அமைப்புகளுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ‘தி ஷேர் டிரஸ்ட்’ 2022இல் வெளியிட்ட ஆய்வு, சர்வதேச அமைப்புகளைவிட உள்ளூர் இடைநிலை அமைப்புகள் வழியாகக் கொடுத்தால் 32 சதவீதம் செலவுத் திறன் அதிகம் என்று மதிப்பிட்டது. சம்பளமும் அலுவலகச் செலவும் குறைவு என்பதே முக்கியக் காரணம்.

ஒரே குழாயை நம்பினால் என்ன ஆகும்?

சூடான் குழுக்களுக்கு முதலில் வந்தது வெளிநாடுவாழ் சூடானியர்கள் அனுப்பிய பணம். நம்ம ஊர் ஜிபே மாதிரி, அங்கே ‘பேங்க்கக்’ என்ற வங்கிச் செயலி. அதன் வழியாகத்தான் சமையல் காசு வந்தது. 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைத்தொடர்பு முடங்கியபோது, செயலியும் நின்றது. கார்ட்டூமில் பல சமையற்கூடங்களும் நின்றன.

பிறகு அமெரிக்க உதவி, இடைநிலை அமைப்புகள் வழியாக வந்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் மூடப்பட்டதாகச் செய்திகள் வந்தன. சமைக்க ஆள் இருந்தார்கள், சாப்பிட வரிசை இருந்தது. கையிருப்பு மட்டும் இல்லை. திட்டத்துக்கு மட்டும் காசு, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும் என்றால், சேமித்து வைக்க வழியே இருக்காது.

யுஎஸ்எய்ட் அமைப்பே 2021இல், நான்கு ஆண்டுகளில் தன் நிதியில் 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகத் தருவதாக அறிவித்திருந்தது. 2023 நிதியாண்டில் அது எட்டியது சுமார் 10 சதவீதம். 2025 ஜூலையில் அந்த அமைப்பே இல்லாமல் போனது.

என்ன செய்தால் மாறும்?

ஏற்கெனவே பலன் தரும் வழிகள் இருக்கின்றன.

* பொது நிதியம்: பல நாடுகள் தரும் பணத்தை ஐ.நா. ஒரே நிதியத்தில் சேர்த்து, பாதிக்கப்பட்ட நாட்டிலேயே முடிவெடுத்துப் பிரிக்கிறது. மற்ற வழிகளைவிட இதில் உள்ளூர் அமைப்புகளின் பங்கு மிக அதிகம்.
* ஒரே சரிபார்ப்பு: ஓர் அமைப்பு ஒரு முறை சரிபார்க்கப்பட்டால், அந்தச் சான்றை மற்றவர்களும் ஏற்பது.
* நிர்வாகச் செலவில் பங்கு: வேலை கைமாறினால் அந்த 7 சதவீதமும் கைமாற வேண்டும்.
* எளிய கணக்கு: சூடான் குழுக்களுக்கு உதவும் சில அமைப்புகள், நீண்ட அறிக்கைக்குப் பதில் எளிய படிவம், ரசீது, புகைப்படம் என ஏற்கின்றன. கணக்கு கேட்பது நிற்கவில்லை, கேட்கும் விதம் மாறியிருக்கிறது.

இந்தியாவில் நிலைமை எப்படி?

2004 சுனாமி இதற்கு நல்ல பாடம். முதல் மணி நேரங்களில் கடலோர மக்கள்தான் உயிர்களைக் காப்பாற்றினார்கள். பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு உலகம் முழுக்கத் திரண்ட நிதி சுமார் 1,350 கோடி டாலர். ஆனால் வந்து குவிந்த சர்வதேச அமைப்புகள் பல இடங்களில் உள்ளூர்த் திறனை ஓரங்கட்டின என்று சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006இல் சொன்னது.

இந்தியாவில் நிவாரணத்தைப் பெரும்பாலும் அரசே செய்கிறது. வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்சிஆர்ஏ சட்டம் உண்டு. 2020 திருத்தத்துக்கு முன், பதிவுபெற்ற பெரிய அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டு நிதியைப் பதிவுபெற்ற சிறிய அமைப்புக்குக் கைமாற்ற முடிந்தது. திருத்தப்பட்ட 7ஆவது பிரிவு அதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. நேரடியாக வாங்கலாமே என்றால், பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவமும், அந்தக் காலத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். கிராமத்துச் சிறு குழுவுக்கு இது எட்டாத உயரம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, வெளிநாட்டு உதவியைக் களத்தில் இருந்த சிறு அமைப்புகளுக்குக் கொண்டுபோக இந்தத் தடை இடைஞ்சலாக இருந்ததாகத் தொண்டு நிறுவனங்கள் கூறின.

முறைகேட்டைத் தடுக்கவும், பணம் போகும் வழியைக் கண்காணிக்கவுமே திருத்தம் என்பது அரசின் வாதம். உச்ச நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் திருத்தங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அடுத்து என்ன?

கிராண்ட் பார்கெய்னின் மூன்றாம் கட்டம் 2026இல் முடிகிறது. உலக அளவில் நிவாரண நிதி சுருங்கும் நேரத்தில், பொது நிதியங்கள் வழியாகவும் உள்ளூர் அமைப்புகள் வழியாகவும் அதிகம் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. நிவாரணத் தலைவர் டாம் ஃபிளெட்சர் 2025இல் சீர்திருத்தம் அறிவித்திருக்கிறார். புதிய சதவீதம் அறிவிக்கப்படலாம். அதைவிட முக்கியம், நிர்வாகச் செலவுப் பங்கும் ஒரே சரிபார்ப்பும் எழுத்தில் வருகிறதா என்பது.

அடுத்த முறை வெள்ளத்துக்கோ புயலுக்கோ நன்கொடை தரும்போது, அலுவலக சிஎஸ்ஆர் குழுவிலும் இதே இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: களத்தில் வேலை செய்வது எந்த உள்ளூர் அமைப்பு? அவர்களுடைய அலுவலக வாடகைக்கும் சம்பளத்துக்கும் இந்தப் பணத்தில் பங்கு இருக்கா?