நாலு வருஷம் அல்ல, ஐந்து மாதம்!

நிக்காஹ் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன, குழந்தை இல்லை, ஆகவே பெண்ணிடம்தான் குறை! நம் ஊர்களில் பல வீடுகளில் இப்படித்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது. விசாரணை கிடையாது. மறுதரப்பு வாதம் கிடையாது. மாமியார் சொல்வார், நாத்தனார் ஆமோதிப்பார், துபாயிலிருந்து மகன் போனில் 'உம்மா சொன்னா சரி' என்பார். சில மாதங்களில் அந்தப் பெண் தாய் வீட்டில் இருப்பாள். பிறகு விவகாரம் ஜமாஅத் அலுவலகத்துக்கு வரும்.

இத்தகைய விவகாரங்களைப் பேசி முடிக்க உட்காரும்போது நான் முதலில் கேட்பது மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டைத்தான். வந்த தேதி, போன தேதி எல்லாம் அதில் முத்திரையாக இருக்கும். கூட்டிப் பாருங்கள். நிக்காஹ் முடிந்து இரண்டு மாதம். இரண்டு வருடம் கழித்து ஒரு லீவு, 45 நாள். இப்போது இன்னொரு லீவு, அதுவும் 45 நாள். அதிலும் பாதி நாட்கள் சொந்தக்காரர் வீட்டு விருந்திலும், கட்டிக் கொண்டிருக்கும் வீட்டின் கொத்தனாரோடும் போயிருக்கும். ஆக மொத்தம் 150 நாள். நான்கு வருடத் தாம்பத்தியம் என்று ஜமாஅத்தில் வந்து சொல்கிறீர்களே, அதன் நீளம் ஐந்து மாதம்!

கேரளாவிலும் பெங்களூரிலும் கடை வைத்திருக்கும் வியாபாரிகளே, இது சபுராளிகளின் கதைதானே என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். வியாழன் இரவு ஊர் வந்து, ஜும்ஆ தொழுதுவிட்டு அன்றிரவே பஸ் ஏறுகிறவர்களின் கணக்கும் இதைவிடப் பெரியதாக இருக்காது. தினமும் கல்லாவை எண்ணிப் பார்க்கிறவர்கள் இந்த நாட்களை மட்டும் ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?

கணவனும் மனைவியும் ஓராண்டு காலம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால்தான் மருத்துவ உலகம் அதைக் குழந்தையின்மை என்று பெயரிட்டு ஆராயத் தொடங்குகிறது. காகிதத்தில் ஓடிய வருடங்கள் இதில் சேராது.

இனி அந்தப் பெண்ணின் பக்கம் வாருங்கள். ஒழுங்கான மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு மாதத்துக்கு ஒரு கருமுட்டை வெளிவரும். அது உயிரோடு இருப்பது ஏறத்தாழ ஒரு நாள். ஆணின் உயிரணு ஐந்து நாள் வரை தாக்குப் பிடிக்கும். ஆக, ஒரு மாதத்தில் கரு உண்டாக வாய்ப்புள்ள நாட்கள் ஆறு. உங்கள் மனைவிக்கு 50, 60 நாளுக்கு ஒரு முறைதான் மாதவிலக்கு வருகிறது என்றால், 150 நாளில் எத்தனை முட்டை? இரண்டு அல்லது மூன்று! அந்த இரண்டு மூன்று தருணங்களும் தப்பிப் போனதற்குத்தான் 'மலடி' என்ற பட்டமா?

இந்த மாதவிலக்குக் கோளாறுக்கு மிகப் பெரிய காரணமாக இருப்பதுதான் நம் வீடுகளில் 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. 1935ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்ன், லெவன்தால் இருவரும் ஏழு பெண்களைப் பரிசோதித்து இதைப் பற்றி எழுதினார்கள். ஆனால் 'கட்டி' என்ற பெயரே மக்களை ஏமாற்றுகிறது. ஸ்கேனில் தெரிவது வெட்டி எடுக்க வேண்டிய கட்டி அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன சின்னஞ்சிறு முட்டைப் பைகள் அவை. முட்டை இல்லாததல்ல இந்த நோய்; இருக்கும் முட்டை முதிர்ந்து வெளியே வராததுதான் நோய். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. இந்த நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோர் சிலர் தானாகவும் சிலர் சிகிச்சையாலும் தாயாகிறார்கள்.

உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும், ஆண்மைச் சுரப்பு அளவுக்கு மீறுவதும் இதன் பின்னணியில் இருக்கின்றன. முகத்தில் முடி, தீராத பருக்கள், கழுத்தில் கருமை, ஏறிக்கொண்டே போகும் எடை ஆகியவை வெளியே தெரியும் அடையாளங்கள். ஒல்லியான பெண்களுக்கும் இது வரும். 'தின்று கொழுத்ததால் வந்தது' என்று பேசுகிறவர்கள் வாயை அடக்கிக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் மட்டும் தெரியக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. 'எங்க பொண்ணு ரமளான்ல முப்பது நோன்பையும் விடாம புடிச்சிட்டா' என்று உம்மாமார் பெருமை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு வருடம் அப்படி அமையலாம். வருடா வருடம் அமைந்தால்? மாதக் கணக்கில் அவள் தொழுகையை விடவே இல்லை என்றால்? அது பெருமைக்குரிய செய்தி அல்ல, டாக்டரிடம் போக வேண்டிய செய்தி! மாதவிலக்கு நெடுநாள் வராமலே விட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய் ஏற்படும் ஆபத்தும் கூடுகிறது. சர்க்கரை நோயும் சீக்கிரமே வந்து சேர்கிறது.

இதையெல்லாம் ஒரு பத்திரிகையில் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பீர்கள். மத்ரஸாவில் மீசை முளைக்காத வயதில் நாங்கள் ஹைளு பாடம் ஓதியிருக்கிறோம். எத்தனை நாள் வந்தால் ஹைளு, எப்போது அது நோய் இரத்தம், முறை தவறிய பெண் எப்படிக் கணக்கு வைக்க வேண்டும் என்றெல்லாம் இமாம்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மார்க்க விளக்கம் கேட்பதற்கு அன்சாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். கேட்கவும் சொல்லவும் அவர்கள் வெட்கப்படவில்லை. நாம் மட்டும் வெட்கப்பட்டு, பெண்ணைத் தாயத்துக்காரனிடமும் தகடு எழுதுகிறவனிடமும் அழைத்துப் போகிறோம்! முட்டை முதிரவில்லை என்பதற்குத் தகடு என்ன செய்யும்?

இந்த வெட்கத்தால் விளைந்த கொடுமையையும் கேளுங்கள். நிக்காஹுக்கு முன்பே ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கை ஒழுங்குபடுத்த டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறார். அது கருத்தடை மாத்திரைகளில் ஒன்று. இந்த நோய்க்கு உலகெங்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அந்த அட்டை படுகிறது. அவ்வளவுதான், அவளுடைய கற்பையே சந்தேகித்துச் சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள். பாவம் அந்தப் பெண்! பரிந்து பேச வந்தவர்களுக்கும் அந்த மாத்திரை ஏன் என்று தெரியவில்லை.

சரி, மாப்பிள்ளைக்கு என்ன பரிசோதனை செய்தீர்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பஞ்சாயத்து அறையில் அமைதி நிலவும். பெண்ணுக்கு நான்கு ஸ்கேன், ஏழெட்டு இரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே. ஆணுக்கு ஒன்றுமில்லை! குழந்தை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது. ஆணுக்குச் செய்வது எளிய பரிசோதனை, செலவும் குறைவு, ஊசிகூடக் குத்துவதில்லை. இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருந்து மாதிரி கொடுத்தால் போதும். 'நான் ஆம்பளை, எனக்கென்ன' என்று மார்தட்டுகிறவர், அறிக்கையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் பேசட்டும். அதற்கு முன்பே இரண்டாவது பெண் தேடத் தொடங்குகிறவர் நான்கு வரை அனுமதி உண்டு என்று வசனம் பேசுகிறார். அந்த அனுமதியோடு நீதியையும் அல்லாஹ் நிபந்தனையாக வைத்திருக்கிறான். குறை அவரிடமே இருந்தால் இரண்டாவது பெண்ணும் நான்கு வருடத்தில் 'மலடி' ஆகிவிடுவாள்!

ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கும் இல்லை. நபி (ஸல்) அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தது கதீஜா (ரலி), மாரியா (ரலி) ஆகிய இருவர் வழியாகத்தான். குழந்தை இல்லாத அந்த அன்னையரை அந்த வீட்டில் யாரேனும் குத்திப் பேசியதாகக் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் பெயர் சூட்டு விழாவுக்கு அந்த மருமகளை முன்னால் வரவிடுகிறீர்களா?

சிகிச்சைக்கு வருவோம். எடை கூடுதலாக உள்ள பெண் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு எடையைக் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்குகிறது. அதற்கு அவள் நடக்க வேண்டும். நம் தெருக்களில் மருமகள் காலையில் நடைப் பயிற்சிக்குப் போனால் என்ன பேசுவார்கள்? அந்த வாய்களை மூடுவது கணவனின் கடமை. அடுத்தது மாத்திரை. லெட்ரோசோல் என்று ஒரு மருந்து, மார்பகப் புற்றுநோய்க்காக வந்தது. 2014இல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள 750 பெண்களிடம் செய்த ஆய்வில், இதைச் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1 சதவீதம்தான். இந்தியாவில் குழந்தையின்மைக்கு லெட்ரோசோல் தருவதை 2011இல் தடை செய்து, 2017இல் அந்தத் தடையை நீக்கினார்கள். 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் முட்டையை வெளிவரச் செய்ய முதல் மருந்தாக இதையே சொல்கிறது. மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள் சாப்பிடும் மாத்திரை, விலையும் அதிகமில்லை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் பார்த்து டாக்டர் அளவு சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. முதல் நாளே 'டெஸ்ட் டியூப்' என்று லட்சக் கணக்கில் பேசும் இடங்கள் பெருகிவிட்டன. வேறு குறை இல்லாத இந்த நோயாளிக்கு அது கடைசிப் படி. மேலும் இந்தப் பெண்களுக்கு அதில் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்தும் அதிகம். பத்து ரூபாய் சரக்குக்கு நான்கு கடை விலை கேட்கும் நீங்கள், இங்கே மட்டும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள்! மாத்திரை எத்தனை சுற்று கொடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்று பாருங்கள். அந்தப் படிக்கே போக நேர்ந்தாலும், கணவன் மனைவி இருவருக்கும் உரியதை மட்டும் கொண்டு செய்வதை 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி அனுமதித்திருக்கிறது. அந்நியருடைய முட்டையோ விந்தோ கூடாது. இதைக் கேட்காமலே செய்துவிடும் இடங்களும் இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு உமர் (ரலி) அவர்கள் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டு எல்லை வகுத்தார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. நம் சபுராளிகளின் எல்லை இரண்டு வருடம்! குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளும் சம்பளம் எல்லோருக்கும் இல்லை என்பதை அறிவேன். அப்படியானால் வருகிற லீவையாவது வீணாக்காதீர்கள்.

நீங்கள் வருவதற்கு நான்கு மாதம் முன்பே உங்கள் மனைவி ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும். துணைக்கு உங்கள் உம்மா போகட்டும். போனில் அதைச் சொல்ல வேண்டியது நீங்கள். தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளை அவர் முடித்து வைக்கட்டும். உங்கள் பரிசோதனையை அங்கேயே செய்து அறிக்கையை அனுப்புங்கள். புதிய உயிரணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும், ஆகவே சிகரெட்டை இன்றே விடுங்கள். அவளுடைய மாதவிலக்குத் தேதியும் மருந்து தொடங்கும் நாளும் தெரிந்த பிறகு டிக்கெட் போடுங்கள். கம்பெனி லீவைத் தள்ளித் தர மறுத்தால், டாக்டரிடம் உங்கள் வருகைத் தேதியைச் சொல்லுங்கள். மாத்திரையை அந்தத் தேதிக்கு ஏற்ப அவர் தொடங்கி வைப்பார்.