உத்தியோகப் பரீட்சையும் வாலிபப் பிராயமும்

யூனியன் பப்ளிக் ஸர்வீஸ் கமிஷனின் 2024-ம் வருஷத்துச் சிவில் ஸர்வீஸ் பரீட்சைக்கு மனுச் செய்தவர்கள் 9,92,599 பேர். முதனிலைப் பரீட்சை எழுதியவர்கள் 5,83,213 பேர். பிரதான பரீட்சைக்குத் தேறியவர்கள் 14,627 பேர். நேர்முகத்துக்குத் தேறியவர்கள் 2,845 பேர். முடிவில் உத்தியோகத்துக்குச் சிபார்சு செய்யப்பட்டவர்கள் 1,009 பேர். பரீட்சை எழுத உட்கார்ந்தவர்களில் சுமார் 580 பேருக்கு ஒருவர் என்று கணக்காகிறது. வாலிபர்களின் ஊக்கத்தைக் குலைப்பதற்காக நாம் இதை எடுத்துரைக்கவில்லை. இப்பரீட்சைக்கு எவ்வளவு காலத்தைச் செலவிடுவது நியாயம் என்ற கேள்வியை அவர்களும் அவர்களைப் பெற்றோரும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

பொதுப் பிரிவினர் 32 வயது வரையில் ஆறு தடவையும், இதர பிற்பட்ட வகுப்பினர் 35 வயது வரையில் ஒன்பது தடவையும் எழுதலாம். ஷெட்யூல்டு வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 37 வயது வரையில் தடவைக் கணக்கே கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பின்தள்ளப்பட்டோருக்கு இச்சலுகை அவசியமானது. அதைக் குறைக்க முற்படுவோரை நாம் எதிர்ப்போம். ஆயினும் சட்டம் அனுமதிக்கும் எல்லை வேறு, விவேகம் அனுமதிக்கும் எல்லை வேறு. கடன் பாக்கிக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடரலாம் என்று காலவரையறைச் சட்டம் சொல்லுகிறது. அதற்காகக் கடைசி நாள் வரையில் காத்திருக்கும்படி எந்த வக்கீலும் தம் கட்சிக்காரருக்கு யோசனை கூறுவதில்லை.

2024-ம் வருஷத்து முதனிலைப் பரீட்சை ஜூன் 16-ந் தேதி நடந்தது. முடிவு 2025 ஏப்ரல் 22-ந் தேதி வெளியாயிற்று. ஒரு தடவைக்குப் பத்து மாதம்! இறுதி வரையில் சென்று தவறியவரும் மறுபடி முதற்படியிலிருந்தே ஏறியாக வேண்டும். நாலு தடவை என்றால் நாலு வருஷம். நிலபுலமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது காத்திருக்கும் காலம். கூலிக்காரர் மகனுக்கோ அது வட்டி ஏறும் காலம். மகளானால், கல்யாணப் பேச்சு அவளை அத்தனை காலம் விட்டுவைப்பதில்லை. அறிவைச் சோதிக்க ஏற்பட்ட பரீட்சை இவ்விதம் பணப்பையைச் சோதிக்கும் பரீட்சையாக மாறிவிடுகிறது. நம்மை வருத்துவது இதுவே.

சுபாஷ் சந்திர போஸ் 1919-ம் வருஷக் கடைசியில் இங்கிலாந்து சேர்ந்து, 1920-ல் ஐ.சி.எஸ். பரீட்சை எழுதி நாலாவதாகத் தேறினார். அவருக்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய எட்டு மாதம். எல்லோரும் போஸ் ஆக முடியுமா என்று கேட்பது நியாயமே. அக்காலத்தில் போட்டியிட்டோரும் மிகச் சிலர். ஆனால் அவர் 1921-ல் அப்பதவியையே உதறிவிட்டு வந்தார் என்பதை மறக்கலாகாது. தேச சேவைக்கு உத்தியோகம் ஒரு வாசல். ஒரே வாசல் அன்று.

நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறோம். பட்டம் பெற்றபின் ஒரு வருஷம் முழு மனத்துடன் படிக்கலாம். இரண்டு தடவை எழுதலாம். இரண்டிலும் முதனிலையையே தாண்டாதவர், வேறு தொழிலில் இறங்குவதை அவமானமாகக் கருத வேண்டியதில்லை. நேர்முகம் வரையில் சென்றவர் மேலும் முயலலாம். ஆனால் ஒரு ஜீவனோபாயத்தைத் தேடிக்கொண்டு முயல வேண்டும். முதற் புஸ்தகத்தைப் பிரிக்கும் அன்றே நிறுத்தும் தேதியையும் குறித்து, வீட்டாருக்குச் சொல்லிவிடுவது உத்தமம்.

சர்க்காருக்கும் கடமை உண்டு. அவ்வருஷம் நேர்முகம் வரையில் வந்தும் சிபார்சு பெறாதவர்கள் 1,836 பேர். அவர்கள் திறமையற்றவர்களல்லர், இடமற்றவர்கள். சம்மதிப்போரின் விவரங்களைப் பிற வேலைகளுக்காக வெளியிடும் ஏற்பாடு இருக்கிறது. பெயரை வெளியிடுவது வேலையாகிவிடாது. மாகாண சர்க்கார்களும் பொதுத்துறை ஸ்தாபனங்களும் இவர்களுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும். பத்து மாதக் காலத்தையும் கமிஷன் சுருக்க வேண்டும்.

ஊர்தோறும் பொதுத் தொண்டாற்றும் அன்பர்கள் இவ்விஷயத்தை ஏற்றுப் பேசுவார்களாக. தேறிய 1,009 பேரைத் தேசம் வாழ்த்துகிறது. மற்ற லட்சக்கணக்கானவர்களின் வாலிபமும் தேசத்தின் சொத்துத்தான். அது வாசலில் காத்து நின்றே கழிந்துபோகலாகாது.