பத்தோடு நின்ற பேரம்



இந்த மாதத் தபாலில் நீல நிற இன்லாண்ட் ஒன்று வந்தது. எழுதியவர் ஒரு பாட்டி. ஐம்பது வருடத்துக்கு முன் அவருடைய தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே இறந்துவிட்டதாம். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. “அது என்ன தப்பு பண்ணுச்சு ஐயா? அதுக்கும் தண்டனை உண்டா?” என்று கேட்டிருந்தார். அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அம்மா, பெரிய பெரிய ஆட்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். ஆதாமின் பாவம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆகவே ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்கும் ஆக்கினை உண்டு என்றார் ஐந்தாம் நூற்றாண்டின் இறையியலாளர் அகுஸ்தீனார். இருப்பதிலேயே மிக லேசான ஆக்கினைதான் என்றும் சேர்த்துக்கொண்டார். தீர்ப்பு எழுதிய கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. இடைக்கால அறிஞர்கள் இன்னும் இறங்கிவந்து ‘லிம்போ’ என்றோர் இடத்தைச் சொன்னார்கள். அங்கே வேதனை இல்லை. கடவுளை முகமுகமாய்க் காணும் பாக்கியமும் இல்லை.

ஏட்டில் இது நுட்பமான வாதம். மண்ணில் என்ன ஆயிற்று? அயர்லாந்தில் 20ஆம் நூற்றாண்டிலும்கூட இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. ‘கிலீன்’ எனப்படும் ஒதுக்குப்புறங்களில், பெரும்பாலும் இருட்டிய பிறகு, தகப்பனே தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார். பெயர் வெட்டிய கல் கிடையாது. 2007இல்தான் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு, இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பப் பலமான காரணங்கள் உண்டு என அறிக்கை வெளியிட்டது. அப்போதும் ‘நம்பலாம்’ என்றார்களே தவிர, ‘நிச்சயம்’ என்று சொல்லவில்லை.

சரி, தெரிந்தே பாவம் செய்த பெரியவர்கள்? எழுபது வருடத் தப்புக்கு முடிவே இல்லாத நரகம் நியாயமா? குற்றத்தின் கனம் யாருக்கு எதிராகச் செய்தோம் என்பதைப் பொறுத்தது. கடவுள் எல்லையற்றவர், எனவே கடனும் தீர்க்க முடியாதது. 1098 வாக்கில் இறையியலாளர் அன்செல்ம் எழுதியதன் சாரம் இது. அந்தக் கடனைக் கடவுளே மனிதனாகி அடைத்தார் என்பதுதான் அவர் வந்துசேரும் இடம்; அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் பண்ணையாரைத் திட்டினால் ஓர் அபராதம், பண்ணையாளைத் திட்டினால் இன்னொன்று என்கிற பழைய பஞ்சாயத்து வாசனை அதில் அடிக்கத்தான் செய்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் கணக்கு வேறு: எஜமானின் மனசு தெரிந்தும் செய்யாத வேலைக்காரனுக்கு அடி அதிகம், தெரியாதவனுக்குக் கொஞ்சம்.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்தவர் வேதாகமத்தில் வரும் ஆபிரகாம்தான். கடவுள் சோதோம் நகரை அழிக்கப்போகிறார் என்றதும், கெட்டவனோடு நல்லவனையும் சேர்த்து அழிப்பது நீதியா என்று கடவுளிடமே வழக்காடுகிறார். ஐம்பது நல்லவர் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது, பத்து! சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் கடவுள் சம்மதிக்கிறார். எப்படிக் கேட்கலாம் என்று ஒரு தடவைகூடச் சீறவில்லை.

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் நான் எழுந்து கேட்டேன்: “டீச்சர், அவர் ஏன் பத்தோட நிறுத்தினார்? ஒண்ணு வரைக்கும் கேட்டிருக்கலாமே?” டீச்சர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அடுத்த வாரம் சொல்றேன்” என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்