துளையை அடைக்கும் உரிமை யாருக்கு?

திருப்பதி மாவட்டம் ரேணிகுண்டா பகுதியில், ஆப்பிள் நிறுவனத்துக்காக சார்ஜிங் கேபிள் தயாரித்து வந்த ஃபாக்ஸ்லிங்க் ஆலையில் 2023 பிப்ரவரியில் பெருந்தீ மூண்டு உற்பத்தி நின்றது. ஆப்பிளின் விநியோகம் பாதிக்கப்படுமா என்பதே அன்று வணிக உலகின் கவலை. அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 15-இல் லைட்னிங் துளை நீக்கப்பட்டு, யுஎஸ்பி-சி துளை இடம்பெற்றது. எந்தக் கருவியில் எந்தத் துளை இருக்க வேண்டும் என்ற முடிவில், கேபிள் செய்யும் தொழிலாளிக்கும் அதை வாங்கும் பயனாளிக்கும் பங்கு இல்லை.

2016 செப்டம்பரில் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளையை ஆப்பிள் நீக்கியது. அதைத் 'துணிவு' என்று மேடையிலேயே பாராட்டிக்கொண்டது. அதே மேடையில் கம்பியில்லா ஏர்பாட்ஸ் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் வந்த மேக்புக் ப்ரோ மடிக்கணினியில் பழைய யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, நினைவக அட்டைத் துளைகள் எல்லாம் மறைந்தன. பென் டிரைவைச் செருகவும் புரொஜெக்டரை இணைக்கவும் தனித்தனி அடாப்டர் வாங்க வேண்டிய நிலை. எதிர்ப்பு கிளம்பியதும் அடாப்டர் விலை தற்காலிகமாகக் குறைக்கப்பட்டது. 2021-இல் எச்டிஎம்ஐயும் அட்டைத் துளையும் மீண்டும் வந்தன. அவை தேவையற்றவை என்ற வாதம் பொய்த்தது. ஆனால், அவை திரும்பியது விலை உயர்ந்த ப்ரோ வகையில்தான்.

மார்க்ஸ் பயன்மதிப்பையும் பரிவர்த்தனை மதிப்பையும் பிரித்துக் காட்டினார். துளை பயனாளிக்குப் பயன்மதிப்பு. மூலதனத்துக்கோ அதை நீக்குவதே லாபம்: உற்பத்திச் செலவு குறைகிறது, அடாப்டர் என்ற புதிய சரக்கு பிறக்கிறது, நன்றாக இயங்கும் பழைய கருவி 'காலாவதி' ஆகிறது. 2020-இல் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தவர்கள், அதைத் தனியாக விலைக்கு விற்றார்கள். பிரேசில் அரசு 2022-இல் அபராதம் விதித்து, சார்ஜர் இல்லாத ஐபோன் விற்பனைக்குத் தடை விதித்தது.

இது தொழில்நுட்ப வளர்ச்சிக்கு எதிரான வாதம் அல்ல. பல துளைகளுக்குப் பதில் ஒரே பொதுத்துளை என்பது நல்லதே. அதைச் சமூகம் தீர்மானிக்கிறதா, நிறுவனம் தீர்மானிக்கிறதா என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் இயற்றி, 2024 டிசம்பர் முதல் கைப்பேசிகளுக்கு யுஎஸ்பி-சியைக் கட்டாயமாக்கியது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் கெடு. ஐபோன் 15-இன் மாற்றம் இந்தச் சட்டத்தின் விளைவே. இந்தியாவில் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு குழு அமைத்தது, இணையதளம் திறந்தது. சட்டம் வரவில்லை.

அந்நிறுவனங்களின் லாபத்துக்கு மறுமுனையில் நிற்பது ஸ்ரீசிட்டியும் ரேணிகுண்டாவும். சித்தூர் மாவட்டமாக இருந்தபோதே, 2015-இல், ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷாவ்மி கைப்பேசி உற்பத்தி தொடங்கியது. நிலம், சலுகை, ஊக்கத்தொகை எல்லாம் அரசு தருகிறது. மக்கள் பணத்தைக் கொடுக்கும் அரசு, பொதுத்துளை வேண்டும், உதிரிபாகம் கிடைக்க வேண்டும், பழுதுபார்க்க முடிய வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதில்லை. நிபந்தனைகள் தொழிலாளிக்கு மட்டுமே. 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை நாள் வேலை நேர உச்சவரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த முடிவு செய்தது.

பத்து மணி நேரம் நின்று கருவிகளைப் பூட்டுபவரின் வீட்டுப் பிள்ளையே, கல்லூரிக்கு வாங்கிய மடிக்கணினியோடு அடாப்டருக்கும் பணம் தேட வேண்டியிருக்கிறது. ஒரே மூலதனம் ஆலையில் உழைப்பையும் கடையில் கூலியையும் சுரண்டுகிறது. ஆகவே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம், பொதுத்துளைக் கட்டாயம், அரசுக் கொள்முதலில் நீடித்து உழைக்கும் கருவிகளுக்கே முன்னுரிமை ஆகிய கோரிக்கைகளை வேலை நேரப் போராட்டத்தோடு இணைக்க வேண்டும். சத்தியவேடு, நகரி, புத்தூர் பகுதிகளின் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்களிடம் இவற்றை ஒரே பிரசுரத்தில், இரு மொழிகளிலும் கொண்டு செல்வது தோழர்களின் உடனடிக் கடமை.